சத்தியம் வேணாம், சொன்னா போதும்

தணிகா, கண்ணு,

சுகமா இருக்கியான்னு கேட்டுத்தான் எப்பவும் ஆரம்பிப்பேன். இன்னிக்கு அப்படி ஆரம்பிக்கல. நீ சுகமா இல்லன்னு உன் கடுதாசியே சொல்லுது, அப்புறம் எதுக்கு அந்தச் சம்பிரதாயம்? நேராவே கேக்குறேன். உனக்குச் செத்துப் போயிடலாம்னு தோணுதாடா? தோணுதுன்னா தோணுதுன்னு சொல்லு. நான் திட்ட மாட்டேன், ஒப்பாரி வைக்க மாட்டேன், அப்படியெல்லாம் பேசாதேன்னு உன் வாயைப் பொத்த மாட்டேன். ஊர் பூராவும் வாயாடின்னு பேர் வாங்கின எனக்கு, இந்த ஒரே ஒரு கேள்வி மட்டும் முன்ன ஒரு தடவை தொண்டையிலேயே நின்னுடுச்சு. அன்னிக்கு நான் கேக்காம விட்டது யாருகிட்ட, அதனால இன்னா ஆச்சுன்னு உனக்குத் தெரியாது. உன்கிட்டேர்ந்து மறைச்சேன். இன்னிக்குச் சொல்லப் போறேன்.

முதல்ல காலையில நடந்தது. உங்க மெட்ராஸ் ஆஸ்பத்திரி சமையல்காரர், நம்ம கே.ஜி.கண்டிகைக்காரர், லீவுல வந்தவரு, கடை வாசல்ல நின்னு ஒரு துணி மூட்டையைக் குடுத்தாரு. பிரிச்சா உன் கைக்கடிகாரம், பேனா, அதுக்கடியில கடுதாசி. "புள்ள எப்படிங்க இருக்கான்?"னு கேட்டேன். "பத்து நாளா சோறு தண்ணி இல்லாம இருந்தாப்பல. நேத்து பாத்தேன், ரொம்ப அமைதியா இருந்தாப்பலங்க"ன்னாரு. அவரு நல்ல சேதின்னு நெனச்சுகினு சொன்னாரு. ஆனா அந்த அமைதியை நான் ஒரு தடவை நம்பி மோசம் போனவன். உன் கடுதாசியில "இனிமே என்னால யாருக்கும் தொந்தரவு இருக்காது நைனா, அம்மாவை நல்லா பாத்துக்கோங்க"ன்னு எழுதியிருக்கே. ஏண்டா, உங்கம்மாவை நான் இத்தினி வருஷமா பாத்துக்காமலா இருக்கேன்? நீ எதுக்குப் புதுசா ஒப்படைக்கிறே?

உடனே பக்கத்துக் கடை மஸ்தான் பாயைக் கூப்பிட்டேன். சைக்கிள் சக்கரத்தைக் கழட்டிப் போட்டது போட்டபடி ஓடி வந்தாரு. உங்க பெரிய டாக்டருக்கு ஒரு தந்தி அடிச்சுட்டு வரச் சொன்னேன். "தணிகாசலத்தைத் தனியாக விட வேண்டாம், உடனே பார்க்கவும், தகப்பன்." இந்நேரம் போய்ச் சேந்திருக்கும். மானத்தை வாங்கிட்டாரே நைனான்னு உனக்குக் கோவம் வரும். வரட்டும். கோவப்படறதுக்கு நீ இருக்கணும், எனக்கு அதுதான் வேணும். நானே வண்டி ஏறியிருப்பேன். ஆனா போன மாசம் மழையில மலைப்படியில வழுக்கி விழுந்து, புத்தூர் எலும்பு வைத்தியருகிட்ட போய்க் கட்டிகினு வந்த கால் இன்னும் கட்டோடதான் கெடக்குது. கொஞ்சமும் அசைக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. கடை பலகை மேல காலை நீட்டிப் போட்டுகினு, கற்பூரம் மடிக்கிற காகிதத்துல இதை எழுதறேன்.

உன் கடுதாசியை மறுபடி மறுபடி படிச்சேன். அம்மையார்குப்பத்து நெசவுக்காரப் புள்ள, உன் வயசுதான்னு எழுதியிருக்கே. ரெண்டு மாசம் நீ வேலை பாக்குற வார்டுல இருந்தான். உயிரை விட்டுடணும்ங்கிற நெனப்போட வந்தவன், உன் கூட உட்காந்து சாப்பிட்டான், தறிப்பாட்டுச் சொல்லிக் குடுத்தான், சிரிச்சான். வீட்டுக்கு அனுப்பலாம்னு டாக்டர் சொன்னப்போ, நீ அவனைத் தனியாக் கூப்பிட்டு, "எங்க ஊரு முருகன் மேல சத்தியம் பண்ணு, இனிமே அப்படிச் செய்ய மாட்டேன்னு"ன்னு கேட்டே. அவனும் உன் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணான். வீட்டுக்குப் போன கொஞ்ச நாள்ல அவன் போயிட்டான்னு சேதி வந்துடுச்சு. "சத்தியம் வாங்கிகினுதானே நைனா அனுப்புனேன், அதுக்கு மேல நான் இன்னா கேட்டிருக்கணும்?"னு எழுதியிருக்கே பாரு, அந்த இடத்துல கடுதாசியைக் கீழ வெச்சுட்டேன்.

ஏன்னா, ஆளைப் பிடிச்சு நிறுத்தணும்னா சாமி மேல சத்தியம் வாங்குன்னு உனக்குச் சொல்லிக் குடுத்தது எந்தப் புஸ்தகமும் இல்ல, எந்த டாக்டரும் இல்ல. நான்தான். நம்ம கடை வாசல்ல நீ பொறந்ததுலேர்ந்து பாத்தது அது. குடிகாரனை இழுத்துகினு பொண்டாட்டி வருவா, பங்காளிங்க முறைச்சுகினு வருவாங்க, எல்லாரும் நம்ம கடையில கற்பூரம் வாங்கிகினு மேல ஏறி, கொளுத்தி, கையால அடிச்சு அணைச்சு, சத்தியம் பண்ணிட்டு எறங்குவாங்க. நானும் பெருமையாச் சொல்லுவேன், "நம்ம கற்பூரத்துல பண்ண சத்தியம் தவறாதுங்க"ன்னு. வியாபாரப் பேச்சு. ஆனா சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன். அந்த நம்பிக்கையால நம்ம வீட்டுக்குள்ள நான் பண்ண தப்பைத்தான் இப்போ எழுதறேன்.

உன் தங்கச்சி செத்தப்போ நீ அரக்கோணத்துல ஆஸ்டல்ல இருந்து படிச்சுகினு இருந்தே. எட்டு மாசக் குழந்தை, மூணு நாள் ஜுரம், போயிடுச்சு. நீ வந்து அழுதுட்டுத் திரும்பிப் போனே. அதுக்கப்புறம் உங்கம்மா பேசறதைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திட்டா. பாலு கட்டிகினு நெஞ்சு வலிக்குதும்பா, அப்புறம் அதுவும் சொல்ல மாட்டா. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் சாயங்காலம் நான் கடையிலேர்ந்து சீக்கிரமா வீட்டுக்கு வந்தேன். அவளை எங்க, எந்த நிலைமையில பாத்தேன்னு எழுத மாட்டேன். நான் இன்னும் கால் மணி நேரம் கடையில நின்னு வாயடிச்சுகினு இருந்திருந்தா உனக்கு அம்மா இல்ல. அவ்வளவுதான்.

ஆமாண்டா, உங்கம்மாதான். நீ எந்த ஜனங்களைப் பாத்துக்கிற வேலையில இருக்கியோ, அந்த ஜனங்கள்ல ஒருத்தி உங்கம்மா.

நான் அன்னிக்கு இன்னா பண்ணேன் தெரியுமா? முதல்ல கத்துனேன். "எனக்கு இப்படி ஒரு துரோகம் பண்ணப் பாத்தியே"ன்னு கேட்டேன். குழந்தையைப் பறிகொடுத்தவளைப் பாத்து துரோகம்னு கேட்ட வாய் இது. அப்புறம் பயம். வெளிய தெரிஞ்சா போலீஸ் கேஸ் ஆயிடும், அக்கம்பக்கம் பைத்தியம்னு பேர் வெச்சுடும், நாளைக்கு உனக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு ஏதேதோ. மறுநாள் விடிஞ்சதும் அவளைக் கையைப் பிடிச்சு இழுத்துகினு மலை ஏறினேன். நம்ம கடைக் கற்பூரத்தையே சந்நிதி வாசல்ல கொளுத்தி, "அடிச்சு அணை, தணிகா தலை மேல சத்தியம் பண்ணு, இனிமே அந்த நெனப்பே உனக்கு வராதுன்னு சொல்லு"ன்னேன். அவ என் மூஞ்சைப் பாத்தா. நெருப்பு மேல கையை வெச்சு அணைச்சா. உள்ளங்கை கொப்புளிச்சுப் போச்சு. எறங்கி வரும்போது எனக்கு மனசு லேசாயிடுச்சு, இன்னா சொல்றே! வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

அப்புறம் மூணு மாசம் அவளை மாதிரி பொம்பளை திருத்தணியில கெடையாது. விடிகாலையில கோலம், நேரத்துக்குச் சாப்பாடு, தலை சீவி பூ வெச்சுக்கிறது, நீ லீவுல வந்தப்போ உனக்கு அதிரசம் கூடச் சுட்டுக் குடுத்தா, ஞாபகம் இருக்குதா? நான் சாமி காப்பாத்திட்டாருன்னு பூரிச்சுப் போய் கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் சத்தியத்தோட மகிமையைப் பேசிகினு இருந்தேன். அவ உள்ள இன்னா நடந்துகினு இருந்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் கேக்கவே இல்லையே. அந்த நெனப்பு தெனமும் வந்துகினுதான் இருந்திருக்குது. வந்தா யாருகிட்டயாவது சொல்லலாம். ஆனா நெனப்பே வராதுன்னு புள்ள தலை மேல சத்தியம் பண்ணியாச்சு. சொன்னா சத்தியம் பொய்யாப் போச்சு, புள்ளைக்கு ஆகாது. அதனால நெனப்பு வந்ததுக்கே தன்னைத் தானே குத்தவாளியாக்கிகினு, வாயைக் கட்டிகினு, சிரிச்சுகினு அதிரசம் சுட்டிருக்கா. நான் பூட்டுப் போட்டது ஆபத்தை இல்ல, அவ வாயை.

இந்த இடத்துல எழுதறதை நிறுத்த வேண்டியதாப் போச்சு. உங்கம்மா வந்துட்டா.

உன் கடுதாசியை அவளுக்குக் காட்டாம பலகைக்கடியில ஒளிச்சு வெச்சிருந்தேன். இத்தினி பட்டும் புத்தி வரல பாரு எனக்கு. இதைப் படிச்சா அவளுக்குப் பழையபடி ஏதாவது ஆயிடுமோன்னு பயம். சாப்பாடு எடுத்துகினு வந்தவ என் மூஞ்சைப் பாத்ததும், "புள்ளைக்கு இன்னா?"ன்னா. "ஒண்ணுமில்ல"ன்னேன். தூக்குச் சட்டியைக் கீழ வெச்சுட்டு, பலகைக்கடியில கையை விட்டு எடுத்துட்டா. நின்னபடியே படிச்சா. அப்புறம் நான் எழுதிகினு இருந்த இந்தக் காகிதத்தையும் எடுத்துப் படிச்சா.  அவ அழல. "எழுதுங்க, எல்லாத்தையும் எழுதுங்க. அவனுக்குத் தெரியட்டும்"ன்னா. "இதைத் தபால்ல போட்டா எப்போ போய்ச் சேரும்? மத்தியான வண்டியில நான் எடுத்துகினு போறேன். மஸ்தான் அண்ணனைத் துணைக்கு வரச் சொல்லுங்க." "உன்னால முடியுமாம்மா, அந்த ஆஸ்பத்திரிக்குத் திரும்பவும் போறதுக்கு?"ன்னேன். "வழி எனக்குத்தானே தெரியும்"னு சொல்லிட்டு, புடவை மாத்திக்க வீட்டுக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள நான் எழுதி முடிக்கணும்.

சத்தியம் பண்ண மூணாவது மாசம், ரெண்டாவது தடவை அவளைக் காப்பாத்தினது நானில்ல, மஸ்தான் பாயும் அவரு சம்சாரமும். விவரம் வேணாம். பாய்தான் என் சட்டையைப் பிடிச்சு உலுக்கினாரு. "இது மந்திரிச்சுத் தீர்ற விஷயமில்லைய்யா. பட்டணத்துல இதுக்குன்னு ஆஸ்பத்திரி இருக்குது, கூட்டிகினு போ. பேர் கெட்டா கெட்டுட்டுப் போவுது"ன்னாரு. அது யுத்தம் நடந்த வருஷம், ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு மெட்ராஸே மூட்டை முடிச்சோட ஓடி வந்துகினு இருந்த நேரம். எதிர் வண்டியில ஜனம் படியில தொங்கிகினு வருது. நாங்க ஏறின வண்டி காலி. டிக்கெட்டுப் பாக்க வந்தவரு எங்களை மேலயும் கீழயும் பாத்தாரு. உனக்கு மட்டும், அம்மா உடம்பு தேத்திக்க நகரியில அத்தை வீட்டுக்குப் போயிருக்கான்னு கடுதாசி போட்டேன். நகரிக்கு அவ போகவே இல்ல. நீ தெனமும் தாண்டிப் போற அந்தப் பொம்பளைங்க வார்டுல ரெண்டரை மாசம் இருந்தா.

அங்க ஒரு நர்ஸம்மா. ஐம்பது வயசு இருக்கும், கட்டை குட்டையா, கண்ணாடி போட்டுகினு. எங்களை உட்கார வெச்சுட்டு, என்னை ஒரு தடவை பாத்துட்டு, உங்கம்மா பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டுகினு, சோறு தின்னியான்னு கேக்குற மாதிரி கேட்டாங்க: "செத்துப் போகணும்னு தோணுதாம்மா?" எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "இன்னாம்மா இது, அவளே மறந்திருக்கா, நீங்க எதுக்கு ஞாபகப்படுத்தறீங்க?"ன்னு எழுந்து நின்னேன். அந்தம்மா குரலையே உசத்தல. "நான் கேட்டுப் புதுசா வந்துடப் போறதில்லைய்யா. அது ஏற்கெனவே உள்ள உட்காந்துகினு இருக்குது. இவங்க ஒண்டியா அது கூடக் குடும்பம் நடத்திகினு இருக்காங்க. நானும் கொஞ்சம் தெரிஞ்சுக்கிறேனே. நீங்க உட்காருங்க"ன்னாங்க. நான் உட்காந்தேன். என்னை உட்காருன்னு சொல்லி உட்கார வெச்சவங்க உலகத்துல ரெண்டே பேர், ஒண்ணு எங்கம்மா, இன்னொண்ணு அந்தம்மா.

 உங்கம்மா, "சொல்லக் கூடாதும்மா, புள்ள தலை மேல சத்தியம் பண்ணியிருக்கேன்"ன்னா. நர்ஸம்மா என்னைத் திரும்பிப் பாத்தாங்க பாரு ஒரு பார்வை! பூமி பொளந்து உள்ள போயிடலாம் போல ஆயிடுச்சு. ஆனா என்னை ஒண்ணும் சொல்லல. உங்கம்மா கையை விரிச்சு, அந்தக் கொப்புளம் ஆறின தழும்பைத் தடவிப் பாத்துட்டு, "எனக்கு எந்தச் சத்தியமும் வேணாம் தாயி. வராதுன்னு நீ சொல்ல வேணாம், வரும். வந்தா, வந்துச்சுன்னு என்கிட்ட சொன்னா போதும். புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. உன் சாமி அவ்வளவு கெட்டவரா?"ன்னு கேட்டாங்க. அப்பத்தான் உங்கம்மா அழுதா. குழந்தை போனதுக்கு அழாத அழுகை அத்தனையும் அன்னிக்கு அழுதா. நான் சமாதானம் சொல்லப் போனேன். "அழட்டும், விடுங்க"ன்னு கையைக் காட்டிட்டாங்க.

அதுக்கப்புறம் அவங்க பண்ண வைத்தியத்தைப் பாத்தா வைத்தியம்னே தெரியாது. மருந்து குடுத்தாங்க, தூங்க வெச்சாங்க, அது ஒரு பக்கம். முதல் பத்து நாள் ஒரு நிமிஷம் கூட அவளைத் தனியா விடல, ஆனா காவல் காக்குற மாதிரியும் இல்ல. யாராவது ஒருத்தி பக்கத்துல உட்காந்து கீரை ஆஞ்சுகினு இருப்பா. கையில சிக்கக் கூடாததெல்லாம் கண்ணுல படாத மாதிரி ஒழிச்சிருந்தாங்க. தெனமும் காலையில, "இன்னிக்கு அது எவ்வளவு கிட்ட இருக்குதும்மா?"ன்னு கேப்பாங்க. "வாசல்ல இருக்குது"ம்பா இவ, இல்லன்னா "பக்கத்துத் தெருவுல"ம்பா. கேட்டுக் கேட்டு, எந்த நேரத்துல அது பெரிசா வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல. குழந்தைக்குப் பால் குடுத்துத் தூங்க வெக்கிற நேரம் அது. கட்டின புருஷன் எனக்கு அது தெரியல. நான் அந்த நேரத்துல கடையில வெத்தலை போட்டுகினு ஊர்க்கதை பேசிகினு இருந்தவன்.

வீட்டுக்கு அனுப்பற அன்னிக்கு டாக்டரும் நர்ஸம்மாவும் எங்களை உட்கார வெச்சு ஒரு மணி நேரம் பேசினாங்க. நான் என் புத்தியைக் காட்டினேன். "நீங்க சொன்னா கேப்பா, உங்க கையில அடிச்சு ஒரு சத்தியம் மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க"ன்னேன். டாக்டர் சிரிக்கல, கோவிச்சுக்கவும் இல்ல. "சத்தியம் வாங்கினா நிம்மதி உங்களுக்குத்தான் வரும், அவங்களுக்கு வராது"ன்னாரு. அதுக்குப் பதிலா, அது மறுபடி வந்தா இன்னா பண்றதுன்னு அவளையே சொல்லச் சொன்னாங்க. இவ யோசிச்சு யோசிச்சுச் சொன்னா. முதல்ல வாசல்ல வந்து நிப்பேன், நாலு பேர் போறதைப் பாப்பேன். அதுலயும் அடங்கலன்னா பாய் சம்சாரத்துகிட்ட போவேன். அப்புறம் இவருகிட்ட. "இவருகிட்ட சொல்ல எனக்கு வாய் வராதும்மா, கத்துவாரு"ன்னா. "அப்போ சொல்லாதே. கடைக்குப் போய் இவரு பக்கத்துல உட்காந்துக்க. இவரு புரிஞ்சுக்குவாரு. ஏங்க, புரிஞ்சுக்குவீங்கல்ல? ஒண்ணும் கேக்காம, புத்திமதி சொல்லாம, பக்கத்துல உட்காரணும். முடியுமா?"ன்னாங்க நர்ஸம்மா. ஆங்னு தலையை ஆட்டினேன். அதுலயும் ஆகலன்னா, எந்த நேரமா இருந்தாலும் வண்டி ஏறி இங்க வந்துடணும், வர்றதுல வெக்கமே இல்லன்னு சொல்லி அனுப்பினாங்க.

முதல் தடவை அவ வந்தது ஒரு கிருத்திகை அன்னிக்கு. மத்தியானம், நல்ல கூட்டம். தேங்கா குடு, பூ குடுன்னு பத்து கை நீட்டிகினு இருக்குது. வந்தா, உள்ள கோணி மூட்டை மேல உட்காந்தா. மூஞ்சைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. பாயைக் கூப்பிட்டு கடையைப் பாத்துக்கச் சொல்லிட்டு, அவ பக்கத்துல போய் உட்காந்தேன். ஐயோ தணிகா, வாயை மூடிகினு சும்மா உட்காந்திருக்கிறது எவ்வளவு பெரிய வேலைன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது! நாக்கு நுனி வரைக்கும் வருது, சாமி இருக்காரு, புள்ள இருக்கான், பொறுத்துக்கோன்னு. அத்தனையையும் முழுங்கினேன். மூணு மணி வரைக்கும் அப்படியே உட்காந்திருந்தோம். அப்புறம் அவளே, "போய் வியாபாரத்தைப் பாருங்க, பாய் கொறைச்ச வெலைக்குக் குடுத்துகினு இருக்காரு"ன்னா. அன்னிக்கு அது போயிடுச்சு. அப்புறமும் வந்துச்சு. அவளும் வந்தா. வர வர அது வர்றது கொறைஞ்சுது. போன தை மாசம் ஒரு நாள் வந்து உட்காந்தா, "லேசாத்தான், பயப்படாதீங்க"ன்னு சொல்லிட்டு ஒரு கை கற்பூரம் மடிச்சுக் குடுத்துட்டுப் போனா. இது ஒரேயடியா ஒழிஞ்சு போற சீக்கு இல்லையோ என்னவோ, ஆனா இதை வெச்சுகினு ஒரு பொம்பளை ஏழு வருஷமா வாழ்ந்துகினு, சிரிச்சுகினு, என்னைத் திட்டிகினு இருக்கா. அதை நீ உன் கண்ணாலயே பாத்திருக்கே, இன்னான்னுதான் தெரியாது உனக்கு.

நீ அந்த ஆஸ்பத்திரியில வேலை கெடைச்சிருக்குன்னு வந்து சொன்னப்போ நான் குதிச்சேனே, பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான் கெடைச்சுதா உனக்குன்னு. அந்த நர்ஸம்மாவோ வேற யாராவதோ உன்கிட்ட பழைய கதையைச் சொல்லிடுவாங்களோன்னு பயந்துதான் குதிச்சேன். உங்கம்மா சமையக்கட்டுல போய் அழுதா. நீ அதை வருத்தம்னு நெனச்சே. சந்தோஷம்டா அது. அன்னிக்கே உன்னை உட்கார வெச்சு நான் இதைச் சொல்லியிருந்தா, அந்த நெசவுக்காரப் புள்ளைகிட்ட நீ சத்தியம் கேட்டிருக்க மாட்டே. கேட்டது உன் வாய், அந்த வார்த்தையைக் குடுத்தது நான். அதனால அந்தப் பாரத்துல என் பங்கை என்கிட்ட குடுத்துடு. முழுசையும் நீயே தூக்கிகினு போக உனக்கு உரிமை இல்ல.

இன்னொண்ணும் கேளு. சத்தியம் வாங்காம இருந்திருந்தா அவன் பொழைச்சிருப்பான்னும் யாராலயும் சொல்ல முடியாது. அன்னிக்கு டாக்டரை, "எழுதிக் குடுங்க, இனிமே ஒண்ணும் ஆவாதுன்னு"ன்னு கேட்டு மல்லுக்கு நின்னேன். "எங்களால முடிஞ்ச அத்தனையும் பண்ணுவோம். ஆனா எங்க கையை மீறியும் சிலது போயிடுதுங்க. அப்படிப் போற ஒவ்வொருத்தருக்காகவும் நாங்களும் உக்காந்து அழறோம்"ன்னாரு. அவ்வளவு படிச்ச மனுஷன், கண்ணாடியைத் துடைச்சுகினு சொன்னாரு. நீ அழு. அந்தப் புள்ளைக்காக ஒரு மாசம் ஆனாலும் அழு. ஆனா உங்க டாக்டருங்க கூட உட்காந்து அழு, தனியா ரூம் கதவைச் சாத்திகினு அழாதே. வார்டுல நோயாளிக்கு எதைச் சொல்லுவியோ அதைத்தானே சொல்றேன்? ஜுரத்துக்கு வைத்தியம் பாக்குறவனுக்கு ஜுரம் வரக் கூடாதுன்னு எங்கியாவது சட்டம் இருக்குதா? உனக்கு வந்திருக்குது. வந்துச்சுன்னு சொல்லு, அவ்வளவுதான். உன் அறையில எதையாவது வெச்சிருந்தா, அதை இன்னிக்கே வேற ஆள் கையில குடுத்துடு. காரணம் நான் எழுத வேண்டியதில்ல.

பாய் ஜட்காவைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டாரு. உங்கம்மா வந்துட்டா, அந்த மஞ்சக்கரை போட்ட புடவையில. படிச்சுப் பாக்கட்டுமான்னு கேட்டா, குடுத்தேன். நர்ஸம்மா சொன்னதுல ரெண்டு வார்த்தையை மாத்தி எழுதிட்டீங்கன்னா. அப்புறம், என்னைப் பத்தி நல்லாத்தான் எழுதியிருக்கீங்கன்னு சொல்லிட்டு மூக்கை உறிஞ்சினா. உன் கடிகாரத்தைத் துணியோட எடுத்து இடுப்புல செருகிகினா. "அவனுதுங்க, அவன்கிட்ட இருக்கட்டும்"ன்னா. நான் அவளைப் பாத்துகினே இருந்தேன் தணிகா. ஏழு வருஷம் முன்ன நான் கையைப் பிடிச்சு வண்டியில ஏத்தின பொம்பளை, இன்னிக்கு யாரு கையையும் பிடிக்காம ஏறி உட்காந்துட்டா.

இதை நீ படிக்கிறப்போ அவ உன் எதிர்லதான் உட்காந்திருப்பா. எனக்கு நீ பதில் எழுத வேணாம், அவகிட்ட சொல்லு. எவ்வளவு கிட்ட வந்துச்சு, எப்போ வந்துச்சு, இப்போ எங்க இருக்குதுன்னு உள்ளது உள்ளபடி சொல்லு. அவ பதறிப் போக மாட்டா. இனிமே அப்படி நெனைக்க மாட்டேன்னு உன்கிட்ட சத்தியம் எதுவும் வாங்க மாட்டா. பேச வாய் வரலன்னா விடு, காகிதத்தைக் கீழ வெச்சுட்டு அவ பக்கத்துல போய் உட்காரு. நகந்து எடம் விடுவா.

உன் நைனா